வலக்கை மோதிரம்

காலேஜ் ஸ்டேஷன், டெக்ஸாஸ்.
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

வணக்கத்திற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

இவ்விடம் நான் சௌக்கியம். அவ்விடம் தங்கள் முழங்கால் வலியும், பெரியம்மாவின் சர்க்கரையும், பக்கத்து வீட்டாருடன் நமக்குள்ள வேலித் தகராறும் ஓரளவு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தீபாவளியன்று வீடியோவில் நான் கையசைத்தபோது என் விரலில் ஏதோ மின்னியதைக் கண்ட அம்மா, என்னிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் அதை அத்தையிடம் பிரஸ்தாபிக்க, அத்தை மதுரைச் சித்தியிடம் சொல்ல, சித்தி தன் சுபாவப்படி அதற்குக் கண், மூக்கு வைத்து, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் அவளுடைய தகப்பனாருக்கு ஒரு மாட்டுப் பண்ணையையும் சிருஷ்டித்துத் தங்கள் காதில் போட, தாங்கள், "இதில் உண்மை எவ்வளவு?" என்று ஒரே வரியில் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். மோதிரம் மட்டும் உண்மை. பெண்ணுக்கும் பண்ணைக்கும் சித்தியே பொறுப்பு. இந்நாட்டில் விவாக மோதிரத்தை இடக்கையில் அணிவார்கள். என்னுடையது வலக்கையில் இருக்கிறது என்ற ஒரு சாட்சியமே சபையில் என்னை விடுவிக்கப் போதுமானது என்று நினைக்கிறேன்.

படிக்கப் போனவனுக்கு நகை எதற்கு என்று தாங்கள் அடுத்தபடி கேட்பீர்கள். ஒரு கல்லூரியில் ஒரே ஆண்டில் தேறுகிறவர்கள் ஒரே மாதிரியான மோதிரம் அணிவது இந்த தேசத்தில் பழைய சம்பிரதாயம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1835ஆம் ஆண்டு மாணவர்கள் இதை ஆரம்பித்து வைத்தார்கள். எங்கள் பல்கலைக்கழகமாகிய டெக்ஸாஸ் ஏ அண்ட் எம், 1876இல் விவசாயமும் இயந்திரத் தொழிலும் போதிக்கும் கல்லூரியாகத் திறக்கப்பட்டது; இங்கே முதல் மோதிரம் 1889இல் வந்தது; 1894இல் ஜோனஸ் என்ற மாணவர் வகுத்துக் கொடுத்த அமைப்பே, கல்லூரியின் பெயர் மாறியபோது எழுத்துகள் மாறியதைத் தவிர, இன்றுவரை பெரிய மாறுதலின்றி நடந்து வருகிறது. நடுவில் ஒரு கேடயம். கேடயத்தின்மேல் சிறகு விரித்த கழுகு. ஆதியில் இருந்த மாகாணங்களின் கணக்கில் பதின்மூன்று கோடுகள். அறிவு, தேகம், ஆன்மிகம், மன அமைதி, ஒழுக்கம் இவ்வைந்துக்கும் ஆளுக்கொன்றாக ஐந்து நட்சத்திரங்கள். ஒரு பக்கத்தில் டெக்ஸாஸின் ஒற்றை நட்சத்திரமும் இலைக் கொத்துகளும். மறுபக்கத்தில் பழங்காலத்துப் பீரங்கி, வாள், துப்பாக்கி, குறுக்காகச் சாத்திய இரண்டு கொடிகள். ஒரு சராசரி மனிதனின் விரலில் இவ்வளவும் குடியேறியிருக்கின்றன.

கடையில் போய்ப் பணம் கொடுத்து இதை வாங்கிவிட முடியாது. முன்னாள் மாணவர் சங்கத்தார் மாணவனுடைய கணக்கைப் பரிசோதித்து, இளங்கலைக்காரனானால் 90 கிரெடிட் முடித்திருக்கிறானா, மதிப்பெண் குறையாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே உத்தரவு கொடுப்பார்கள். என்னைப் போன்ற ஆராய்ச்சிக்காரர்களுக்கு விதி வேறு. ஆக, என் விரலில் கிடப்பது என் யோக்கியதைக்கு ஓர் அத்தாட்சி என்பதைச் சித்தியிடம் தாங்கள் சற்று அழுத்தியே சொல்லலாம். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை அவர் இன்னும் மறக்கவில்லை.

இனி, தாங்கள் கேட்க நினைத்து, கௌரவம் கருதிக் கேளாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை பவுன்? பெரியப்பா, அதைப் பவுன் கணக்கில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து நான் பெற்ற இந்த ஆபரணம் 10 காரட். இருபத்துநான்கு பங்கில் பத்துப் பங்கு பொன். மிச்சம் பதினான்கு பங்கு செம்பு முதலிய பரிவாரங்கள். பாதிக்குமேல் பொன் அல்லாத ஒரு வஸ்துவைப் பொன் என்று சொல்ல இந்நாட்டு மக்கள் சிறிதும் கூசுவதில்லை. 916 முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வாங்கும் வம்சத்தில் பிறந்த நான்தான் கூசினேன். பதினான்கு காரட்டிலும் செய்து தருவார்கள், என் உதவித்தொகை அதற்கு இடங்கொடுக்கவில்லை. கலப்பு மிகுந்தால் உறுதி மிகும், ஆயுள் முழுவதும் கழற்றாமல் அணிவதற்கு அதுவே உத்தமம் என்று இவர்கள் சொல்லும் சமாதானத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஐம்பது வருஷம் உழைத்த மோதிரங்களைப் பார்த்திருக்கிறேன். கழுகின் சிறகு தேய்ந்து வெறும் மேடாகி, பீரங்கி இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். அப்படித் தேய்ந்ததைக் காட்டித்தான் கிழவர்கள் பெருமை பேசுகிறார்கள்.

இவ்வளவும் சகிக்கத் தக்கதே. என் பிராணனை வாங்குவது திசை சம்பந்தமான ஒரு சாஸ்திரம். மோதிரத்தின் முகப்பில் வகுப்பு ஆண்டைக் குறிக்கும் எண் இருக்கிறது. பட்டம் பெறும்வரை அந்த எண் அணிந்திருப்பவனை நோக்கியிருக்க வேண்டும். பட்டம் பெற்ற பிறகு அதைத் திருப்பி, எண் உலகத்தை நோக்கும்படி அணிய வேண்டும். முதலில் நீ உன்னைத் தயார் செய்துகொள், பிறகு உலகத்தைச் சந்திக்கலாம் என்பது தாத்பரியம். கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் என் விரலுக்கு அளவெடுத்தது குளிர்சாதன அறையில். டெக்ஸாஸ் வெயிலில் நடந்தால் விரல் வீங்கி மோதிரம் அசைய மறுக்கிறது, மறுபடி குளிர்ந்த அறைக்குள் நுழைந்ததும் தளர்ந்து தன்னிஷ்டப்படி சுற்றுகிறது. காலையில் மாணவனாக ஆய்வுக்கூடத்துக்குள் போகிற நான், இரண்டு முறை கை கழுவுவதற்குள் பட்டதாரி ஆகிவிடுகிறேன். உடனே இருபது வயதுப் பையன் ஒருவன் ஓடிவந்து, பூணூல் இடம்வலம் மாறிய வைதிகரைத் தடுத்து நிறுத்தும் பதற்றத்தோடு, "உங்கள் மோதிரம் திரும்பியிருக்கிறது!" என்று எச்சரிக்கிறான். ஒரு தடவை என் ஆராய்ச்சியில் மண்ணின் உப்புத்தன்மையைப் பற்றிய ஒரு முழு அட்டவணையை மூத்த பேராசிரியர் ஒருவரிடம் நீட்டினேன். அவர் அட்டவணையைப் பாராமல் என் விரலைப் பார்த்துப் புன்னகை செய்தார். கைகூப்பி வணக்கம் சொல்லும்போது எண் என்னை நோக்குகிறதா, உலகத்தை நோக்குகிறதா, அல்லது ஆகாயத்தை நோக்குகிறதா என்று அவரிடம் விசாரித்தேன். இந்தக் கேள்விக்கு விதி எழுதி வைத்தவர் யாருமில்லை. தலையணைக்கடியில் கையை வைத்துத் தூங்குகிறவனின் நிலை என்ன என்பதையும் கேட்க நினைத்து, மரியாதை கருதி விட்டுவிட்டேன்.

சோறு சாப்பிடுவதை எழுத வெட்கமாயிருக்கிறது. வலக்கையில் மோதிரம் அணியும் வழக்கம் முள்கரண்டி பிடிக்கிறவர்கள் வகுத்தது. ரசம் சாதம் பிசைந்து எழுந்தால் ஐந்து நட்சத்திரங்களில் அறிவும் தேகமும் அடைபட்டுப் போகின்றன. தயிர்சாதம் பீரங்கியின் வாயை அடைத்துவிடுகிறது. பழைய பல்துலக்கி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

மோதிரத்தைப் பெறும் வைபவம் செப்டம்பரில் நடந்தது. முன்னாள் மாணவர் மாளிகையின் வாசலில், 12 அடி உயரத்தில் வெண்கலத்தால் ஒரு பெரிய மோதிரமே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்ளாமல் ஒருவரும் வீடு திரும்புவதில்லை. அன்றைக்கு ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய், தகப்பன், தாத்தா, பாட்டி, சக்கர நாற்காலியில் ஒரு கொள்ளுப்பாட்டி என்று பரிவாரம். பெட்டியைத் திறந்து மோதிரத்தை விரலில் போடுவது பெற்றவர்களின் உரிமை. எனக்கு அதைச் செய்ய ஆளில்லை என்ற விஷயம், பெட்டி கைக்கு வந்த பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. நானே போட்டுக்கொள்ளலாம் என்று ஒதுங்கினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி, தன் பேரனுக்குப் போட்டு முடித்த கையோடு, என்னிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டு, நான் விழித்ததைப் பதிலாக எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து மோதிரத்தை மாட்டி, நெற்றியில் ஒரு சிலுவையும் போட்டுவிட்டாள். எண் உலகத்தை நோக்கி இருந்தது. பேரன் பதறிப்போய்த் திருப்பி வைத்தான். அம்மாவுக்கு இந்த இடத்தைப் படித்துக்காட்ட வேண்டாம். அன்றைக்கு எனக்குப் போட்டது யார் என்று கேட்டால், சங்கத்துப் பெரியவர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அன்று சாயங்காலம் வாலிபர்கள் ஒரு பெரிய ஜாடியில் பீரை நிரப்பி, மோதிரத்தை அதற்குள் எறிந்து, பானம் முழுவதையும் மூச்சுவிடாமல் குடித்து, அடியில் கிடக்கும் மோதிரத்தைப் பல்லால் கவ்வி எடுப்பார்கள். இது மாணவர்கள் தாங்களாகவே 1970களில் கிளப்பிய வழக்கம், சங்கத்தாருடைய ஏற்பாடு அன்று. பீர் வேண்டாதவர்கள் வேறு எதையாவது வைத்துக்கொள்ளலாம் என்பதால் நான் மோர் வைத்துக்கொண்டேன். கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்ட மோரிலிருந்து நான் மோதிரத்தைக் கவ்வி எழுந்தபோது எழுந்த கரகோஷம் இந்த ஊரில் மோருக்குக் கிடைத்த முதல் மரியாதை என்றே எண்ணுகிறேன். பெருங்காய வாசனை கழுகை விட்டுப் போக ஒரு வாரமாயிற்று.

இப்படியெல்லாம் கேலி செய்கிறவன் ஏன் இதை வாங்கினான் என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊரில் எதிர்வீட்டுக்காரரின் நாய்க்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அவருடைய பெயர் தெரியாது. அவருக்கு என் பெயர் தெரிய வேண்டிய அவசியமும் நேரவில்லை. எல்லாரும் புன்னகை செய்கிறார்கள், எல்லாரும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தாமிரபரணிப் பாலம் தாண்டுவதற்குள் நம் சம்பளத்தையும் கலியாணத்தையும் விசாரித்து முடிப்பதைக் கண்டு எரிச்சல்பட்டவன் நான். அந்த எரிச்சலுக்கு ஏங்குவேன் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மோதிரம் வந்த பிறகு கதை மாறியது. பெட்ரோல் பங்கில், அகலத் தொப்பி வைத்த ஒரு பண்ணைக்காரர் என் கையைப் பார்த்ததும் தம் வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "எந்த வருஷம்?" என்று கேட்டார். தம்முடையது எந்த வருஷம், எந்த விடுதி, அந்தக் காலத்தில் சீருடை மாணவர்கள் பட்ட பாடு என்ன என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், எனக்குப் பின்னால் நின்ற வண்டிகள் ஒலிப்பானை அமுக்கத் தொடங்கிவிட்டன. அவருடைய தோற்றத்துக்கும் எனக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஆனால் என்னைத் தம்மவன் என்று எடுத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சமும் சிரமமில்லை.

விசித்திரம் என்னவென்றால், நம்மவர்களிடமும் அதுவே முந்திக்கொள்கிறது. ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலுக்கு நவராத்திரியின்போது போயிருந்தேன். பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர், நெற்றியில் விபூதியும் விரலில் தேய்ந்த கழுகுமாக இருந்தவர், புளியோதரை வாங்க நான் நீட்டிய கையைப் பார்த்து, "எந்த வகுப்பு?" என்றார். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விகள், அவர் வாயில் புளியோதரை போய்ச் சேர்ந்த பிறகு, இரண்டாவதும் மூன்றாவதுமாகத்தான் வந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். தங்கள் பெயரைச் சொன்னேன், தெரியாதென்றார். அது அவருடைய நஷ்டம்.

ஒவ்வோர் ஏப்ரல் 21ஆம் தேதியும் எங்கள் பல்கலைக்கழகத்தார் கூடி, அந்த ஆண்டில் காலமான பழைய மாணவர்களின் பெயர்களை வரிசையாக வாசிக்கிறார்கள். பெயர் வாசித்ததும் இறந்தவரின் உறவினரோ சிநேகிதரோ எழுந்து "இருக்கிறேன்" என்று பதில் சொல்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறார். சென்ற தடவை நான் கூட்டத்தில் நின்று கேட்டேன். தாத்தாவின் திதிக்கு இரண்டு வருஷமாக நான் வரவில்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வந்து, அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் அறைக்கு வந்துவிட்டேன்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பரில் பட்டமளிப்பு முடிந்துவிடும். எண் உலகத்தை நோக்கித் திரும்பினாலும் அதன்பின் கவலையில்லை. மோதிரத்தை வீட்டில் எல்லாரும் கையில் வாங்கிப் பார்க்கலாம், சித்தி போட்டும் பார்க்கலாம். ஆனால் நம் ஆசாரி எங்கள் வாசல் பக்கம் வராமல் தாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் உரைகல்லை மடியிலேயே வைத்துக்கொண்டு அலைகிற மனுஷர். ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு அவர் பார்க்கும் பார்வையை, ஆயிரம் டாலர் கொடுத்த நான் அப்பாவின் முன்னிலையில் தாங்க மாட்டேன்.

தங்கள் அன்புள்ள மகன்,
முத்து

பி.கு.: வேலித் தகராறில் நான்கடியை விட்டுக்கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். மண்ணைப் பற்றிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்; அந்தப் பக்கம் முழுவதும் உவர்.