ஊசி போட்டபோது நெட் கேட்டீர்களா?

அனுப்புநர்: எம்.எஸ்சி. முடித்த விண்ணப்பதாரர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு தலைவர் அவர்கள், முனைவர் பட்டச் சேர்க்கைக் குழு, நோய்த்தடைக்காப்பியல் துறை, நாட்டின் தலைசிறந்த ஆய்வு நிறுவனங்களுள் ஒன்று.

பொருள்: இம்யூனாலஜி பிஎச்.டி. சேர்க்கைக்கு விண்ணப்பித்தல், நிராகரிக்க நேர்ந்தால் வழக்கமான பதிலையே அனுப்பலாம் எனத் தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நிறுவனத்தின் பெயரைப் போடாமல் எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும். உங்களைப் போன்ற இடங்களிலிருந்து வரும் பதில்களில் மேலே இருக்கும் இலச்சினையைக் கையால் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று பிரிக்க முடிவதில்லை. எல்லாவற்றிலும் இந்த ஆண்டு தகுதி வாய்ந்தவர்கள் மிக அதிகம். எல்லாவற்றிலும் என் எதிர்காலத்துக்கு நல்வாழ்த்து. பதில் பொதுவாக வரும்போது விண்ணப்பத்தை மட்டும் தனித்தனியாக எழுதுவது மரியாதை ஆகாது என்பதால் இதையும் பொதுவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆய்வக அனுபவம். ஃப்ளோ சைட்டோமெட்ரி தெரிந்திருக்க வேண்டும், எலிகளைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும், ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. வரிசையாக்கத்தில் பழக்கம் இருந்தால் முன்னுரிமை என்று விளம்பரத்தில் கண்டேன். எங்கள் எம்.எஸ்சி. செய்முறைத் தேர்வில் வந்தது உச்டர்லோனி. அகார் ஜெல்லில் வட்டமாக ஓட்டை குத்தி, ஒன்றில் ஆன்டிஜெனும் அடுத்ததில் ஆன்டிபாடியும் விட்டு, ஈரத்தில் மூடி வைத்தால் மறுநாள் காலை நடுவில் வெள்ளைக் கோடு தெரியும். தெரியாவிட்டாலும் ரெக்கார்டு நோட்டில் தெரியும். உச்டர்லோனி என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்தது 1940-களில். ஆக, உங்கள் விளம்பரத்துக்கும் எங்கள் பாடத்திட்டத்துக்கும் இடையில் முக்கால் நூற்றாண்டுதான் தூரம். ஃப்ளோ சைட்டோமீட்டரை யூடியூபில் பார்த்திருக்கிறேன். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எலிகளைக் கையாண்ட அனுபவம் உண்டு. ஆனால் அது நிலக்கடலை மூட்டைகள் சம்பந்தப்பட்டது, அறநெறிக் குழுவின் அனுமதி பெறாதது.

அடுத்து பரிந்துரைக் கடிதங்கள். இரண்டு விஞ்ஞானிகள் வேண்டும், இருவருக்கும் நிறுவன மின்னஞ்சல் வேண்டும், ஜிமெயில் செல்லாது. எனக்கு இம்யூனாலஜி நடத்தியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். முனைவர் பட்டம் இருக்கிறது, செட் தேர்ச்சி இருக்கிறது, பதினோரு மாதத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருப்போமா என்ற நிச்சயம் மட்டும் இல்லை. கல்லூரி அவருக்குக் கௌரவம் கொடுத்தது, மின்னஞ்சல் கொடுக்கவில்லை.

எங்கள் மண்ணில் மருத்துவ ஆய்வு மரபே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். தகடூரை ஆண்ட அதியமான், ஆயுளை நீட்டிக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது தான் உண்ணாமல் அவ்வைக்குக் கொடுத்தான். மாவட்டத்தின் முதல் மருத்துவச் சோதனை அது. பங்கேற்பாளர் ஒருவர், ஒப்பீட்டுக் குழுவும் ஒருவர். ஒப்பீட்டுக் குழு போரில் இறந்துவிட்டதால் முடிவு ஆய்விதழ்களில் வரவில்லை. அந்த நெல்லிக்காய்தான் 2020-இல் நோய் எதிர்ப்புச் சக்தி என்று பொடியாகவும் சாறாகவும் மிட்டாயாகவும் திரும்பி வந்தது. கோவையில் ஒருவர் கொரோனாவைத் தீர்க்கும் மைசூர்பா என்றே விற்று உரிமத்தைப் பறிகொடுத்தார். அந்த ஆண்டு நாட்டில் இம்யூனாலஜி பேசாதவர்கள் இம்யூனாலஜி படித்தவர்கள் மட்டுமே.

இப்போது நோக்க அறிக்கை. ஏன் இந்தத் துறை என்று ஐந்நூறு சொற்களுக்குள் கேட்டிருக்கிறீர்கள். சிறு வயதில் யாரோ மைக்ரோஸ்கோப் வாங்கிக் கொடுத்ததாகத் தொடங்குவதுதான் முறையாம். எனக்கு யாரும் வாங்கித் தரவில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23-இல் அங்கேதான் இறந்தார். 1908-இல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போனவர் வெளியே வந்தபோது தொழுநோயோடு வந்தார். அவர் பேச்சுக்கு அஞ்சிய வெள்ளைக்காரன், நோயைக் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று தடை போட்டான். மனிதர் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பள்ளியில் எங்களை அவர் நினைவிடத்துக்குக் கூட்டிப்போய்ச் சிறைக் கொடுமையைச் சொன்னார்கள். நான் படித்த இம்யூனாலஜி வேறொன்றைச் சொன்னது. அதே தொழுநோய்க் கிருமி ஒருவருக்குத் தோலில் உணர்வற்ற ஒரு படையோடு நின்றுவிடுகிறது, இன்னொருவருக்கு உடம்பெல்லாம் பரவுகிறது. கிருமி ஒன்றுதான், வேறுபாடு அதை எதிர்கொள்ளும் உடம்பில் இருக்கிறது. டெல்லியில் தேசிய நோய்த்தடைக்காப்பியல் நிறுவனத்தை உருவாக்கிய ஜி.பி. தல்வார் பல ஆண்டுகளைத் தொழுநோய்த் தடுப்பூசிக்குச் செலவிட்டதும் இந்த வேறுபாட்டின் பின்னால் போய்த்தான். பாப்பாரப்பட்டிக்கும் உங்கள் துறைக்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல வந்தேன். சொற்கள் ஐந்நூறைத் தாண்டினால் இணையப் படிவம் ஏற்காது என்பதால் சிவாவை முன்பு ஒருமுறை வெட்டிவிட்டு மைக்ரோஸ்கோப்பைச் சேர்த்தேன். அப்போதும் இடம் கிடைக்கவில்லை.

ஆய்வுத் திட்டமும் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு சொல்கிறது. இதற்குக் கையில் இருக்கும் ஒரே மருந்து குதிரையின் ஆன்டிபாடி. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். அந்த நஞ்சில் பெரும்பங்கு நெடுங்காலமாக நம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துப் பாம்புகளின் நஞ்சு. ஒரே இனப் பாம்பானாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சு மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு காட்டியிருக்கிறது. அப்படியானால் பென்னாகரம் காட்டில் கடிக்கும் விரியனுக்குச் செங்கல்பட்டு விரியனின் மருந்து எவ்வளவு கேட்கும்? இதுதான் என் கேள்வி. மதிப்பீட்டாளர் ஒருவர் இதற்குச் 'சர்வதேச முக்கியத்துவம் போதாது' என்று குறிப்பெழுதியிருந்தார். உண்மைதான், பாம்புகள் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களையே கடிக்கின்றன. இதில் எனக்கு அந்தக் குதிரையின் மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு. இம்யூனாலஜிக்குள் அது நேரடிச் சேர்க்கையில் போயிருக்கிறது.

சாதிச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். மாநிலத்தில் நான் எம்.பி.சி., விந்திய மலை தாண்டினால் ஓ.பி.சி. அதற்கு மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று, தனியாக வாங்க வேண்டும். நிதியாண்டு மாறினால் புதிதாகக் கேட்பீர்கள். மார்ச் 31 இரவோடு இரவாக நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோமா என்று ஏப்ரலில் இ-சேவை மையத்துக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறோம். மரவள்ளிக் கிழங்கின் விலை இதுவரை அப்படி எதுவும் நடக்க விட்டதில்லை.

நெட் தேர்வுக்கு வருகிறேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த எனக்கு இரண்டில் எது வசதியோ அதை எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் தரப்பட்டிருக்கிறது. 2024 ஜூன் 18-இல் யு.ஜி.சி. நெட்டை நடத்தி, மறுநாளே ரத்து செய்தார்கள். ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதியது அது. 21-ஆம் தேதி, எங்களுடைய சி.எஸ்.ஐ.ஆர். நெட்டை நடப்பதற்கு முன்பே தள்ளிவைத்தார்கள். வந்த பின் பார்ப்பது சிகிச்சை, வருமுன் நிறுத்துவது தடுப்பு. தேர்வு நடத்துகிறவர்களுக்கு இம்யூனாலஜி தெரியாது என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தால் நெட் அல்லாதோர் உதவித்தொகை 8,000. இதை என் அம்மாவிடம் சொன்னேன். முப்பதால் வகுக்கச் சொன்னார்; நாளுக்கு 267 வந்தது. நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் தமிழ்நாட்டில் 336. "அங்க மத்தியானத்துக்கு மேல மரத்தடியில உக்காரவாவது உடுவாங்களா?" என்றார். ஆய்வகத்தில் அதுவும் கிடையாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நேர்காணல் இணையவழி என்கிறீர்கள், நன்றி. சென்ற முறை சித்தேரி மலையில் அத்தை வீட்டிலிருந்து பேச வேண்டியதாகிவிட்டது. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பற்றிக் கேட்டார்கள். பதில் சொல்லத் தொடங்கியதும் டவர் போய்விட்டது. பாறை மேல் ஏறி மீண்டும் பிடித்தபோது அடுத்தவர் பேசிக்கொண்டிருந்தார். 'விண்ணப்பதாரர் பதிலளிக்கவில்லை' என்று முடித்துவிட்டார்கள். 2025-இல் மருத்துவ நோபல் கிடைத்தது இதே டி செல்களுக்குத்தான்: மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. பரிசு அறிவித்த அன்று ராம்ஸ்டெல் மலைப் பக்கம் நடைப்பயணத்தில் இருந்தார், ஃபோன் தொடர்பில் இல்லை, நோபல் குழுவால் அவரைப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் அடுத்தவருக்குப் போய்விடவில்லை. ஒழுங்குபடுத்தும் டி செல் என்பது உடம்பு தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாமல் பொறுத்துப்போகக் கற்றுத்தரும் செல். ஸ்டாக்ஹோமில் அது கொஞ்சம் கூடுதலாக இருக்கும் போல.

தைமஸ் சுரப்பிக்குள் போகும் இளம் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தேர்வாகாமல் அங்கேயே மடிகின்றன. கடுமையான தேர்வுதான். ஆனாலும் அவற்றிடம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவதில்லை.

ஐயா, இதுவரை சொன்னதெல்லாம் முன்னுரை. எங்களுக்கு முன் அனுபவம் இல்லை என்ற உங்கள் குறிப்பைத்தான் நான் ஏற்க மாட்டேன். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்கத் தொடங்கின. சுமார் 3,60,000 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். வீடு வீடாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து, பெயர் எழுதிச் சேர்த்தார்கள். யாரிடமும் நெட் மதிப்பெண் கேட்கவில்லை. எந்தப் பாட்டியிடமும் நோக்க அறிக்கை வாங்கவில்லை. பரிந்துரைக்க இரண்டு பேர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களே போதுமாயிருந்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. உலகத்தையே திடுக்கிட வைத்த அந்த முடிவு அன்று முதல் பாடப்புத்தகங்களில் செங்கல்பட்டின் பெயரோடு இருக்கிறது. ஏன் தடுக்கவில்லை என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் வேறு மைக்கோபாக்டீரியங்கள் எங்கள் உடம்பை முன்பே பழக்கி வைத்திருந்தன என்பது. ஆக மக்களோடு நிற்காமல் மண்ணையும் தண்ணீரையும்கூடத் துறைக்குள் சேர்த்தாகிவிட்டது. 1991-இல் அதே பகுதியில் தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டுப் பார்க்கச் சுமார் 1,71,400 பேர் கை நீட்டினார்கள். தல்வாரின் ஊசியும் அதில் ஒன்று. கருத்தரங்குகளில் அந்த எண்ணைத் திரையில் காட்டுகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள், எண்ணுக்குள் இருப்பவர்கள் நாங்கள்.

ஆகவே புதிதாக எந்தச் சலுகையும் வேண்டாம். தன்னார்வலருக்கு வைத்த அதே அளவுகோலை ஆய்வு மாணவருக்கும் வைத்தால் போதும். உள்ளூரில் குடியிருக்க வேண்டும், விளக்கிச் சொன்னதைப் புரிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் அழைத்தபோதெல்லாம் வர வேண்டும். செங்கல்பட்டில் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்தார்கள். உங்கள் வழிகாட்டிகளிடம் கேட்டுப் பாருங்கள், மூன்றாவது நிபந்தனை பிஎச்.டி. மாணவரிடமே அரிதாம்.

விண்ணப்பக் கட்டணம் செலுத்திய ரசீது எண்ணைத் தனியே அனுப்புகிறேன். பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, உங்கள் தளம் மட்டும் இன்னும் 'நிலுவையில்' என்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
விண்ணப்பதாரர்.

இணைப்பு: மதிப்பெண் பட்டியல்கள், சான்றொப்பத்துடன். சாதிச் சான்று, இந்த நிதியாண்டுக்குரியது. ஆய்வுத் திட்டம், பாம்புகளுடன். முன் அனுபவத்துக்கான ஆவணம்: இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு ஒன்று, அசல். ஸ்கேன் செய்து பதிவேற்றினால் 200 கே.பி.க்கு மேல் போகிறது, நேர்காணலில் காட்டுகிறேன்.