புது நாவலுக்கு ஜாமீன்

பழைய நாவலைச் சிபாரிசு செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966-ல் வந்தது. இன்று அதை ஒருவரிடம் கொடுத்து, அவர் பத்தாம் பக்கத்தில் தூங்கிப்போனால் குற்றம் தூங்கியவருடையது. "இதுவே பிடிக்கலையா?" என்று நாம் ஒரு பார்வை பார்த்தால் போதும், அவரே தன் ரசனையைச் சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவார். போன மாதம் வந்த நாவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதைப் படித்துத் தூங்கியவர் விழித்ததும் நேராக நம் வீட்டுக்கு வருவார்.

புது நாவலைப் பிறருக்குச் சொல்வதென்பது ஊரான் வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதுதான். எழுதியவர் அடுத்த நாவலுக்குப் போய்விடுவார். வெளியிட்டவர் பத்து சதவீதக் கழிவு கொடுத்த கையோடு ஒதுங்கிக்கொள்வார். வசூலுக்கு வருகிறவர்களுக்கு நம் விலாசம்தான் தெரியும். இது தெரிந்தும் வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிற ஒரு சிறு கூட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. நான் அதில் ஆயுள் உறுப்பினர்.

தமிழில் புது நாவல்கள் பெரும்பாலும் மார்கழியில்தான் அச்சகத்தை விட்டு வெளியே வரும். சென்னைப் புத்தகக் காட்சி அப்படி ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. 1977-ல் தொடங்கிய காட்சி அது. நாவலாசிரியர்கள் ஐப்பசி வரை நாவலைப் பற்றி யோசிப்பார்கள், கார்த்திகையில் எழுதுவார்கள். மெய்ப்புப் பார்ப்பவர் டிசம்பர் முழுக்கத் தூங்கமாட்டார். நாயகன் முதல் அத்தியாயத்தில் முருகேசனாகவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் முருகையனாகவும் இருந்தால், அதில் தத்துவம் ஏதோ இருக்கிறது என்று நாம் மயங்கக் கூடாது. மெய்ப்புப் பார்த்தவருக்குக் கண் சொருகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நூற்றுக்கணக்கில் அரங்குகள் போடுகிறார்கள். போட்டித் தேர்வு, ஜோதிடம், சமையல், சர்க்கரை நோய் என்று எல்லாவற்றையும் கடந்து, கால் வைத்தால் அமுங்குகிற பலகைத் தரையில் நடந்து இலக்கியப் பதிப்பகத்தின் அரங்கைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும். அப்பளத்துக்கு வெளியீட்டு விழா கிடையாது, அணிந்துரை கிடையாது. ஆனாலும் எல்லார் கையிலும் ஒரு பிரதி இருக்கும். தட்டு மறைக்கும் அந்த அப்பளத்தைப் பொறாமையோடு பார்த்தபடி உள்ளே போகிற இளம் நாவலாசிரியர்களை நான் அறிவேன்.

நல்ல புது நாவலை எப்படி அடையாளம் காண்பது? பின்னட்டையை நம்பக் கூடாது என்பது முதல் பாடம். பின்னட்டைகளின்படி ஒவ்வோர் ஆண்டும் தமிழ் நாவல் குறைந்தது நாற்பது தடவை புதிய பாய்ச்சலை நிகழ்த்துகிறது. இவ்வளவு பாய்ந்த பிறகும் அது அதே மைதானத்தில் நிற்பது வியப்புதான். விளிம்புநிலை வாழ்வு, நுண்மையான சித்திரிப்பு, கறாரான மொழி, இந்த மூன்றும் இல்லாமல் ஒரு புத்தகம் பைண்டிங் ஆகாது போலிருக்கிறது.

வெளியீட்டு விழாவையும் நம்ப முடியாது. ஒரே மாலையில் ஆறு புத்தகங்கள். வாழ்த்துரை வழங்குகிறவர் தொல்காப்பியத்தில் தொடங்கி, தன் இளமைக்காலத்துக்கு வந்து, டால்ஸ்டாயைத் தொட்டு, கையிலிருக்கும் நாவலுக்கு வரும்போது துண்டுச் சீட்டு வந்துவிடும். "நேரமின்மை காரணமாக" என்பார். அட்டை பிரமாதமாக வந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டு அமர்வார். அட்டையை மட்டும் அவர் முழுவதுமாகப் படித்திருக்கிறார் என்பது நமக்கும் புரியும்.

ஆகவே நின்று படிப்பதே வழி. என் முறை எளியது. முதல் பக்கத்தைப் படிக்கமாட்டேன். முதல் பக்கத்தை எல்லா எழுத்தாளரும் நன்றாகத்தான் எழுதுகிறார்கள், நண்பர்களும் அதைத் திருத்திக் கொடுத்திருப்பார்கள். நூறு பக்கம் தள்ளித் திறப்பேன். அங்கே யாரும் திருத்தியிருக்கமாட்டார்கள், எழுத்தாளர் தனியாக மாட்டியிருப்பார். அந்த இடத்தில் ஒரு கிழவி வெற்றிலை மடிப்பது கண்ணுக்குத் தெரிந்தால் புத்தகம் பைக்குள் போகும். கிழவி வெற்றிலையை மடிக்காமல் காலத்தின் சுருக்கங்களைப் பற்றிச் சிந்தித்தால் புத்தகம் அடுக்குக்குத் திரும்பும்.

திரும்பும் என்று சொன்னேன். ஆனால் அடுக்குக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் வேறு ஏதோ புத்தகத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டிருந்தால் காரியம் கெட்டது. அவர் கையிலிருக்கும் புத்தகம் தலைகீழாக இருக்கும். அவர்தான் ஆசிரியர். நம் கை புத்தகத்தை வைக்கப் போகிறதா, விலை பார்க்கிறதா என்பதிலேயே அவர் உயிர் இருக்கும். ஒரு மனிதன் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவன் மூன்றாண்டு உழைப்பைக் கீழே வைப்பதற்கு இரும்பு நெஞ்சு வேண்டும். என் அலமாரியில் இப்படி வந்து சேர்ந்த நாவல்களுக்குத் தனித் தட்டே இருக்கிறது. அதிலும் இரண்டொன்று ரத்தினம்.

இந்த அவஸ்தை எதற்கு, நல்ல புத்தகம் தானாகவே வாசகரைப் போய்ச் சேராதா என்று கேட்கலாம். சேரும், நிதானமாகச் சேரும். முன்பெல்லாம் ஓர் இலக்கிய நாவல் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அச்சாகும். அதில் கணிசமான பங்கு நூலக ஆணையை நம்பியிருக்கும். இப்போது வேண்டும்போது வேண்டிய அளவு அச்சிடும் வசதி வந்துவிட்டது. நூறு பிரதி போட்டு, அது தீர்ந்தால் இன்னொரு நூறு. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது என்று யாராவது பூரித்தால் எத்தனை பிரதி என்று கேட்பது நாகரிகமில்லை. சுவரொட்டி கிடையாது, தொலைக்காட்சி விளம்பரம் கிடையாது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய்த்தான் புது நாவல் பிழைக்க வேண்டும்.

இந்த வாய்வேலையைத் தமிழில் ஒரு வாழ்நாள் பணியாகவே செய்தவர் க.நா.சுப்ரமண்யம். தானே நாவலாசிரியர், தானே மொழிபெயர்ப்பாளர். ஆனாலும் அடுத்தவர் புத்தகத்தைப் பற்றிச் சொல்வதில் அலுக்காதவர். 'படித்திருக்கிறீர்களா?' என்றே ஒரு நூல் எழுதினார். ஆர்.ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-ல் வந்தது. கொங்கு நாட்டுக் கிராமத்தை அதன் பேச்சோடு நாவலுக்குள் கொண்டுவந்த அந்தச் சிறிய புத்தகத்தை இன்று நாம் மறக்காமல் இருப்பதில் க.நா.சு.வுக்கும் பங்குண்டு. அவர் பட்டியல்கள் போட்டார். பட்டியலில் இல்லாத எல்லாரும் அவருக்குப் பகைவரானார்கள். இருந்தவர்களில் சிலரும், பக்கத்துப் பெயரைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

க.நா.சு.வுக்குத் தமிழ்நாடு முழுக்க வாசகர்கள் இருந்தார்கள். எனக்கு உறவினர்கள்தான் இருக்கிறார்கள். முதலில் என் சித்தப்பா. அவரைப் பொறுத்தவரை தமிழ் நாவல் 1950-ல் 'கல்கி' பத்திரிகையில் 'பொன்னியின் செல்வன்' தொடராக ஆரம்பித்தபோது பிறந்து, 1954-ல் தொடர் முடிந்தபோது காலமாகிவிட்டது. ஒரு பொங்கல் விடுமுறையில் அவரிடம் புது நாவல் ஒன்றை நீட்டினேன்.

"கதை என்னடா?"

"ஒருத்தர் ரொம்ப வருஷம் கழிச்சு சொந்த ஊருக்கு வர்றாரு சித்தப்பா."

"சொத்துத் தகராறா?"

"இல்ல."

"பழைய காதலி கீதலி?"

"அப்படியும் சொல்ல முடியாது."

"பின்ன எதுக்கு வர்றாராம்?"

"அதைத்தான் அவரும் யோசிக்கிறாரு."

"எத்தனை பக்கம் யோசிக்கிறாரு?"

"நானூத்திருபது."

சித்தப்பா புத்தகத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பஸ்ல வரும்போதே யோசிச்சு முடிச்சிருக்கலாமேடா" என்றார். இதற்குப் பதில் சொல்ல இலக்கிய விமர்சனத்தில் இடமில்லை.

என் மனைவியின் விமர்சன அளவுகோல் வேறு. "ஏங்க, எழுத்து பெரிசா இருக்கா?" என்று கேட்பாள். பக்கத்தைக் குறைக்க எழுத்தைச் சுருக்குகிற பதிப்பாளர்கள் இந்தக் கேள்வியைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அலுவலக நண்பர் ஒருவர் நான் எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். மறுக்கத் தெரியாத மனிதர். "படிச்சிட்டே இருக்கேன் சார்" என்பார், மாதக்கணக்கில். ஒருநாள் திருப்பித் தந்தார்.

"எப்படி இருந்தது?"

"அருமை சார்."

"எந்த இடம் பிடிச்சது?"

"மொத்தமுமே சார். முடிவுதான் ஹைலைட்டே."

பதினாறாம் பக்கத்தில் ஒரு மாநகரப் பேருந்துச் சீட்டு இருந்தது. அதற்குமேல் போக அவருக்கு டிக்கெட் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இவர்களெல்லாம் நாவலுக்கு எதிரிகள் அல்லர். இவர்களுக்கு என் கையெழுத்து போதவில்லை, அவ்வளவே. பெரிய இடத்துக் கையெழுத்து வேண்டும். பூமணியின் 'வெக்கை' 1982-ல் வந்தது. 2019-ல் அதை வைத்து 'அசுரன்' எடுத்தார் வெற்றிமாறன். படம் ஓடிய வாரத்தில் சித்தப்பா ஃபோன் செய்தார். "வெக்கைனு ஒரு நாவல் இருக்காமேடா, கேள்விப்பட்டிருக்கியா?" முப்பத்தேழு வருஷம் பொறுத்த ஒரு நாவலுக்குச் சித்தப்பாவின் ஃபோன் பெரிய விஷயமில்லை. எனக்குத்தான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அதே நாவலை நான் முன்பு அவர் வீட்டு ஊஞ்சலில் வைத்துவிட்டு வந்து, அது அப்படியே என்னிடம் திரும்பி வந்த வரலாறு அவருக்கு நினைவில்லை.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013-ல் வெளியானது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஓர் இளம் ஜோடியைப் பற்றியது. வந்த புதிதில் யாரிடம் சொன்னாலும் "சோகமா முடியுமா?" என்றே கேட்டார்கள். 2023-ல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் வந்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ் நாவல் அது. அதே ஆண்டு அவருடைய 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில வடிவம் 25 லட்ச ரூபாய் ஜே.சி.பி. பரிசு பெற்றது. அதற்குப் பிறகு யாரும் முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பக்கத்துத் தெருக்காரர் எழுதியதைப் படிக்க நமக்கு லண்டனிலிருந்து கடிதம் வர வேண்டியிருக்கிறது.

என் கையெழுத்து செல்லுபடியானது ஒரே ஓர் இடத்தில்தான். அதுவும் நான் எதிர்பாராத இடம்.

என் மாமனார் விவசாயி. தென்மாவட்டத்துக் கண்மாய்ப் பாசனக்காரர். தினத்தந்தியைத் தலைப்பிலிருந்து அச்சிட்டவர் பெயர் வரை படிப்பாரே தவிர, நாவல் என்றால் அது வேலை இல்லாதவர்கள் சமாச்சாரம் என்ற கொள்கை உடையவர். சோ.தர்மனின் 'சூல்' 2016-ல் வந்த புதிதில் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். இந்த முறை "முக்கியமான நாவல்" என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைக் கேட்டால் மனிதர்களுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. "மாமா, இதுல ஒரு கண்மாய் வருது. அந்தக் காலத்துல ஊர்க்காரங்களே எப்படிப் பராமரிச்சாங்கன்னு எழுதியிருக்காரு. சரியா இருக்கான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றேன்.

அவரிடம் அதுவரை யாரும் ஒரு புத்தகத்தைச் சரிபார்க்கச் சொன்னதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பொதுப்பணித் துறை அதிகாரி மராமத்துக் கோப்பைத் தணிக்கை செய்வதுபோல ஒரு பென்சிலோடு உட்கார்ந்தார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகு ஃபோனில் அறிக்கை வர ஆரம்பித்தது. "மாப்ள, மடை விஷயம் எழுதியிருக்காருல்ல, சரிதான். ஆனா எங்க பக்கம் வேற மாதிரி செய்வோம்." பிறகு பக்கத்து வீட்டுக்காரர் அந்த விஷயத்தில் மாறுபட்டார். அவரை மறுக்க மூன்றாமவர் புத்தகத்தை வாங்கிப் போனார். டீக்கடையில் ஒரு நாவல் சாட்சியாகக் கொண்டுவரப்பட்டது. என் பிரதி அதோடு போனதுதான், இன்றுவரை எனக்குத் திரும்பவில்லை. ஒரு நாவலுக்கு அதைவிட நல்ல கதி வேண்டுமா?

2019-ல் 'சூல்' சாகித்ய அகாதமி விருது வாங்கியது. செய்தி வந்த அன்று மாமனார் என்னைக் கூப்பிட்டார். குரலில் விருது வாங்கியவரின் அடக்கம். "பேப்பர்ல இன்னைக்குத்தான் போட்டிருக்கான் மாப்ள. நாம அப்பவே படிச்சாச்சு" என்றார்.

புது நாவல் படிப்பதில் உள்ள போதை முழுவதும் அந்த 'அப்பவே'யில்தான் இருக்கிறது. விருதுக்குப் பிறகு படிப்பவர் பாராட்டோடு சேர்ந்து படிக்கிறார். விருதுக்கு முன்னால் படிப்பவருக்குத் துணை யாரும் இல்லை. நல்லது என்று தன் புத்திக்கு மட்டும் பட்டதை நாலு பேரிடம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பினால் கேலி. ஜெயித்தால் உலகம் பத்து வருஷம் தாமதமாக வந்து நம்மிடமே அந்தப் புத்தகத்தைச் சிபாரிசு செய்யும்.

இப்போதெல்லாம் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. மாமனார் தனியாகவே போய்வருகிறார். பின்னட்டை படிப்பதில்லையாம், நடுவில் திறந்து பார்க்கிறாராம். சென்ற வாரம் ஃபோன்.

"மாப்ள, ஒரு புதுப் பையன் எழுதியிருக்கான். பிரமாதம்."

"அப்படியா மாமா? கதை என்ன?"

அந்தப் பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"கதையெல்லாம் சொல்ல முடியாது மாப்ள. படிக்கணும். உங்களுக்கு ஒண்ணு கூரியர்ல போட்டாச்சு. பொங்கலுக்கு வரும்போது உக்காந்து பேசுவோம்."

பொங்கல் அடுத்த வாரம். நாவல் அறுநூறு பக்கம்.