கெர்ரி பக்கம் போய்க் கேட்காதீர்கள்!

கேள்வி: நன்றாக ஆடியவர் நல்ல பயிற்சியாளராக முடியாது என்கிறார்களே?

பதில்: அயர்லாந்தின் கெர்ரி பக்கம் போய் இதைக் கேட்டுவிடாதீர்கள், அடி விழும். அந்த ஊர் மிக் ஓட்வையர், கேலிக் கால்பந்து ஆட்டக்காரராக நான்கு முறை அகில அயர்லாந்துக் கோப்பை வென்றவர். பிறகு அணி மேலாளராகி, 1975 முதல் 1986-க்குள் இன்னும் எட்டு! ஆட்டக்காரர்களுக்குச் சம்பளமே கிடையாது. திங்கட்கிழமை அவரவர் வேலைக்குப் போயாக வேண்டும். அவர்களைப் போய் இந்த மனிதர் மைதானத்தில் ஓட ஓட விரட்டியிருக்கிறார்.

சறுக்கலே இல்லையா? இருக்கிறது. 1978 முதல் தொடர்ந்து நான்கு கோப்பை. 1982 இறுதியாட்டத்தில் ஐந்தாவதும் கிட்டத்தட்ட கையில். இரண்டு புள்ளி முன்னிலை. கடைசி நிமிடங்களில் ஆஃபலி அணியின் மாற்று ஆட்டக்காரர் ஷேமஸ் டார்பி ஒரு கோல் போட்டார். இந்த ஆட்டத்தில் கோலுக்கு மூன்று புள்ளி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கெர்ரிக்காரர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஓட்வையர் வெளியூர் அணிகளுக்குப் போனார். 1946-க்குப் பின் லென்ஸ்டர் மாகாணப் பட்டத்தையே காணாத லீஷ் அணி, இவர் வந்து 2003-இல் வென்றது. அங்கே பாதிப் பேர் அந்தப் பட்டத்தைத் தாத்தா சொல்லித்தான் கேள்விப்பட்டிருப்பார்கள்!