சேவை செய்ய வந்தவர்கள்

மேடவாக்கம் கூட்ரோட்டில் மெட்ரோ வேலைக்கு அடைத்த தகரங்களைச் சுற்றி, பிசிசியன் அசிஸ்டென்ட் படிப்பு நேர்காணலுக்குப் போய்ச் சேர்ந்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏம்மா இந்தக் கோர்ஸ்?" வரிசையில் நின்ற அத்தனை பிள்ளைகளும் "சேவை சார்" என்கிறார்கள். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க் போதும் என்பதை ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்டவருக்கும் தெரியும், சட்டென்று ஃபீஸ் விவரத்துக்குத் தாவிவிடுகிறார்.

இந்தியாவில் இந்தப் படிப்பு முதலில் முளைத்ததே சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே. எம். செரியன் தொடங்கினார். 2021-இல் மத்தியச் சட்டமும் இந்தத் தொழிலைச் சுகாதாரத் தொழில்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மாடிவீட்டு மாமாதான் இன்னும் சேர்க்கவில்லை. படிப்பில் சேரப்போகும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்.

"நர்ஸா?"

"இல்ல மாமா."

"டாக்டரா?"

"இல்ல மாமா. டாக்டர் மேற்பார்வையில நோயாளியைப் பரிசோதிக்கணும், கேஸ் ஷீட் எழுதணும், ஆபரேஷன்ல கூட நிக்கணும்."

"சரி, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடேன்."

தானாக மருந்துச் சீட்டு எழுத அதிகாரம் கிடையாது என்றதும் மாமா முகம் சுண்டிவிட்டது.

"அப்புறம் இன்டர்ன்ஷிப்போட நாலு வருஷம் எதுக்கு?"

இந்தக் கேள்வியை நேர்காணலில் யாரும் கேட்கவில்லை.