பட்டறை முதலாளியின் சாமர்த்தியம்

அண்ணாச்சி, இருப்பதை வைத்துச் சமாளிப்பதில் உங்களுக்கு நிகர் இந்த வட்டாரத்தில் இல்லை. 4 அங்குலக் கை கிரைண்டருக்கு 4 அங்குல வீல்தான் என்பது சாமானியர் கணக்கு. நீங்களோ வாஷர் போட்டு 7 அங்குல வீலையே மாட்டிவிட்டீர்கள். இடிக்கிறது என்று இரும்புக் கார்டையும் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. நிமிடத்துக்கு 8,500 சுற்று, விளிம்பு வேகம் நொடிக்கு 80 மீட்டர், அதற்கு மேல் தாங்காது என்று வீலிலேயே அச்சடித்திருக்கிறது. உங்கள் மெஷின் ஓடுவது 11,000 சுற்று. விளிம்பு நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டுகிறது. வீல் செய்தவனே அஞ்சும் வேகத்தை உங்கள் பட்டறைப் பையன் ஒற்றைக் கையில் பிடித்திருக்கிறான். அப்படிப் பழக்கிய குரு நீங்கள்.

சிக்கனத்திலும் குறையில்லை. பிசின் வைத்துக் கட்டிய வீலுக்கு 3 ஆண்டுதான் கெடு. நடுவளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். கெடு தாண்டி, ஈரத்தில் ஊறிக் கிடந்ததையும் நீங்கள் வீணாக்குவதில்லை. 1 மில்லிமீட்டர் கட்டிங் வீல் நேராக வெட்ட மட்டுமே ஆனது, பக்கவாட்டில் அழுத்தினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். அதை வைத்தே வெல்டிங் பிசிறையும் தேய்க்கச் சொல்லி, ஒரு கிரைண்டிங் வீல் காசை மிச்சம் பிடிக்கிறீர்கள்.

மேஜைக் கிரைண்டரில் புதுக் கல் மாட்டுமுன் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பார்கள். கிணீர் என்றால் நல்ல கல், சொத்தென்றால் விரிசல். உங்களுக்கு நேரம் பொன்; தட்டுவதில்லை. கல்லுக்கும் தாங்குதட்டுக்கும் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். உங்களதில் பையனின் விரல் தாராளமாகப் போகும்.

கண்ணாடி கொடுக்காவிட்டால் என்ன? அவன் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால், கைக்குட்டை நுனியைச் சுருட்டி நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். பெற்ற தகப்பனுக்கும் வராத பரிவு. கல் ஓடும் இடத்தில் அதன் உச்ச வேகத்தை எழுதி ஒட்டவேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் 30ஆம் பிரிவிலேயே சொன்னது. உங்கள் சுவரிலும் எழுத்துக்குக் குறைவில்லை: ‘விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’

விதியே தெரியாதவர் என்று உங்களை யாரும் சொல்லிவிட முடியாது. புது வீலை மாட்டியதும் ஒரு நிமிடம் சும்மா ஓட்டவேண்டும், எதிரே ஆள் நிற்கக்கூடாது. பையன் சுவிட்சைப் போடும்போதெல்லாம் நீங்கள் பீரோவுக்குப் பின்னால்தான் நிற்கிறீர்கள்.