வருங்காலம் வந்துகொண்டிருக்கிறார்

கவிஞர், சிறுகதைக்காரர், விமர்சகர் என்று எழுதுகிறவர்களை வகைவகையாகப் பிரித்த இலக்கிய வரலாற்றுக்காரர்கள், முதல் நாவலை எழுதப்போகிறவர் என்ற வகையை மட்டும் விட்டுவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் மற்ற எல்லாரையும்விட இவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் சந்தேகம். எங்கள் வட்டாரத்துக்காரருக்கு நண்பர்கள் வைத்த பெயர் ‘வருங்காலம்’. வருங்கால நாவலாசிரியர் என்பதன் சுருக்கம். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

நாவல் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்பார். பொய் இல்லை. தலைப்பு தயார். சமர்ப்பணம் தயார். அட்டைக்கு ஓவியரிடம் சொல்லி வைத்தாயிற்று. நன்றியுரை நாலு பக்கம். அதில் ‘இரவெல்லாம் விழித்திருந்து தேநீர் போட்டுக் கொடுத்த மனைவிக்கு’ என்று ஒரு வரி வரும். அந்த அம்மாள் ஒன்பதரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறவர். பின்னட்டைக்கு நாலு வரி கேட்டு மூத்த எழுத்தாளர் ஒருவருக்குப் போன் செய்தார். “முதல்ல பிரதியை அனுப்புங்க” என்றாராம். வருங்காலத்துக்கு அதில் மனத்தாங்கல். “வளர்ற எழுத்தாளனை இப்படியா சார் நோகடிக்கிறது?” என்று எங்களிடம் வந்து சொன்னார். இடையில் வரவேண்டிய முந்நூறு பக்கம்தான் பாக்கி.

ஒவ்வொரு ஜனவரியிலும் சென்னைப் புத்தகக் காட்சி அவரை உசுப்பிவிடும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இரண்டு கையிலும் பை தொங்க, மிளகாய் பஜ்ஜிக் கடை ஓரம் நின்று, “அடுத்த வருஷம் நம்ம புத்தகமும் இங்க இருக்கும்” என்று சபதம் செய்வார். பொங்கலோடு சபதம் படுத்துவிடும். ஆயுத பூஜைக்குப் பிறகுதான் எழுந்து சோம்பல் முறிக்கும்.

அப்படி ஒரு அக்டோபரில்தான் அமெரிக்க வழி அவர் கண்ணில் பட்டது. கிறிஸ் பேட்டி என்பவர் 1999-இல் சான்பிரான்சிஸ்கோ பக்கம் 21 பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய விளையாட்டு அது. ஒரே மாதத்தில் ஒரு நாவல். மறு வருஷத்திலிருந்து அதற்கு நவம்பர் என்று ஆனது. கணக்கு 50,000 சொற்கள். நன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, முடிந்தால் போதும். நாளொன்றுக்கு 1,667 சொற்கள். பிற்பாடு லட்சக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். சாரா குரூயன் எழுதி 2006-இல் வந்து சக்கைப்போடு போட்ட சர்க்கஸ் யானை நாவலின் முதல் வரைவுகூட அப்படிப் பிறந்ததுதான். விவரம் தெரிந்த அன்றே வருங்காலம் புது மடிக்கணினி வாங்கிவிட்டார்.

ஆனால் 1,667 என்பது ஆங்கிலக்காரன் போட்ட கணக்கு. அவன் நாலு சொல்லில் சொல்வதைத் தமிழில் ஒரே வினைமுற்றில் முடித்துவிடலாம். இந்த அநியாயத்தை இரண்டாம் நாளே கண்டுபிடித்த வருங்காலம் பரிகாரமும் செய்தார். ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்று சேர்த்து எழுதினால் ஒன்று. ‘ஓடிக் கொண்டு இருந்தான்’ என்று பிரித்தால் மூன்று. முதல் அத்தியாயத்தை நான் படித்தேன். அதில் யாரும் எதையும் செய்து முடிப்பதில்லை. எல்லாரும் செய்து கொண்டே இருந்து கொண்டு இருக்கிறார்கள்.

தனியாக எழுதினால் சோர்வு வரும், துணை வேண்டும் என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். இரவு பத்து மணிக்குள் அன்றைய சொல் எண்ணிக்கையைப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் நாள் எல்லாரும் போட்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் எண்ணிக்கை குறைந்து வாழ்த்து பெருகியது. ஒருவருக்கொருவர் ஊக்கம் கொடுத்ததில் அவர்கள் தட்டிய எழுத்தையெல்லாம் சேர்த்தாலே ஒரு நாவல் தேறும். பிறகு யாரோ காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்பினார்கள். ‘நாவலா, குறுநாவலா’ என்று சண்டை வந்தது. சண்டைக்காரர்கள் வெளியேறித் தனிக்குழு அமைத்தார்கள். இப்போது இரண்டு குழு இருக்கிறது.

நவம்பரைத் தேர்ந்தெடுத்த அமெரிக்கர்களுக்கு வடகிழக்குப் பருவமழை பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தமிழ்நாட்டில் நவம்பர் என்றால் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், பள்ளிக்கு விடுமுறை, வீட்டில் பிள்ளைகள், போன கரண்டு. எழுதாமல் இருப்பதற்கு இதைவிடச் சிறந்த மாதத்தை அரசாங்கமே நினைத்தாலும் அறிவிக்க முடியாது. மழை ஓய்ந்ததும், உந்துதல் வேண்டும் என்று ஏற்காட்டில் ஏரி தெரிகிற அறை எடுத்துத் தங்கினார். நிறையப் படங்களோடும் ஜலதோஷத்தோடும் திரும்பினார்.

வேகமாக எழுதியவர்கள் கதையெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் அடிக்கடி சொல்வது தஸ்தயேவ்ஸ்கி கதை. 1866-இல் கடன் கழுத்தை நெரிக்கிறது. நவம்பர் 1-க்குள் ஒரு நாவல் தராவிட்டால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுத்தையெல்லாம் காசு கொடுக்காமல் அச்சிட்டுக்கொள்வேன் என்று பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கி எழுதி வாங்கியிருக்கிறார். கடைசி மாதத்தில் அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வரவழைத்து, 26 நாளில் ‘சூதாடி’யைச் சொல்லி முடித்தார் தஸ்தயேவ்ஸ்கி. மறு வருஷம் அந்தப் பெண்ணையே மணந்தும் கொண்டார். “பாத்தீங்களா, பக்கத்துல ஒரு துணை இருந்தா...” என்று வருங்காலம் பெருமூச்சு விட்டார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “வீட்டுக் கடனும் இருக்கு, நானும் இருக்கேன். நாவலைத்தான் காணோம்.”

என்னைக் கேட்டால் விஷயம் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. தஸ்தயேவ்ஸ்கிக்கு யாரும் ஊக்கம் கொடுக்கவில்லை, கெடு கொடுத்தார்கள். கல்கி 1950-இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கி வாராவாரம் எழுதியதும் ஏரிக்கரையில் காற்று வாங்கியபடி அல்ல, பத்திரிகை நடத்திக்கொண்டு. இதை வருங்காலத்திடம் சொன்னேன். “அவங்களுக்கெல்லாம் பத்திரிகை இருந்துச்சு சார்” என்றார். ஜெயமோகன் 2014 தொடங்கி 2020 வரை இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக 26 நாவல் கொண்ட ‘வெண்முரசு’ எழுதினாரே என்றேன். “அவருக்கு வாசகர்கள் இருக்காங்க சார்” என்றார். வாசகர்கள் எப்படி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. காப்பி நன்றாக இருந்தது.

வேகக்காரர்கள் கைவிட்டால் அவர் வேதநாயகம் பிள்ளையிடம் போய்விடுவார். தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1857-இல் எழுதப்பட்டு 1879-இல்தான் அச்சேறியது. “முதல் நாவலுக்கே இருபத்திரண்டு வருஷம். எனக்கென்ன அவசரம்?” பிள்ளைவாள் காத்திருந்தது எழுதி முடித்த பிறகு என்பதை அவரிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

2025-இல் அந்த நவம்பர் விளையாட்டை நடத்திவந்த அமெரிக்க அமைப்பையே மூடிவிட்டார்கள். செய்தி வந்த அன்று வருங்காலம் முகத்தில் தெரிந்த நிம்மதியை மறைக்கப் பெரும்பாடு பட்டார். “சூழலே சரியில்ல சார். அமெரிக்காவுலயே முடியல, நாம எம்மாத்திரம்” என்று குழுவில் ஒரு இரங்கல் குறிப்பு எழுதினார். பிரித்து எழுதாமலே அது நன்றாக இருந்தது. சுருக்கமாகவும் கோபமாகவும் இருந்தது. நாவலில் அந்தக் குரலில் பத்துப் பக்கம் இருந்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

இந்த நவம்பரிலும் எழுதப்போகிறார். நீங்களும் முதல் நாவல் எழுதும் யோசனையில் இருந்தால் தாராளமாக எழுதுங்கள். அவர் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். உடனே குழுவில் சேர்த்துவிடுவார்.