எக்செல் ஷீட்டில் பகுத்தறிவின் இடம்: ஓர் ஆய்வு

முன்னாய்வுகள்

மனிதப் பகுத்தறிவுக்கு எல்லை உண்டு, ஓரளவு சரிப்பட்டு வந்தாலே போதும் என்று ஆள் நின்றுவிடுவான் என்றார் ஹெர்பர்ட் சைமன். முடிவெடுத்தல் பற்றிய ஆய்வுக்காக 1978-இல் நோபலும் பெற்றார். கோஹன், மார்ச், ஓல்சன் மூவரும் 1972-இலேயே நிறுவன முடிவுகளைக் குப்பைத்தொட்டியில் கண்டெடுத்திருந்தனர். அங்கே தீர்வு முதலில் வந்து உட்கார்ந்து, தனக்கேற்ற பிரச்சினைக்காகக் காத்திருக்குமாம். மூவரும் நம் ஊர் கம்பெனி எதிலும் வேலை பார்த்ததற்குச் சான்று இல்லை.

கள ஆய்வு

பெயர் வேண்டாத ஒரு கம்பெனி. புதுக் கிடங்கு ஓசூரிலா, கோவையிலா என்பது கேள்வி. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பெங்களூரில். ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. ஆனால் ஓசூரில் வைத்தால் கிடங்கு அங்குள்ள ஆலையின் தலைவர் கைக்குப் போய்விடும். மார்க்கெட்டிங் தலைவருக்கு அது ஆகாது. இதை மீட்டிங்கில் யாரும் சொல்லவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் ஷீட்டில் போக்குவரத்துக்கு 40 மதிப்பெண், நில விலைக்கு 30, ஆள் கிடைப்பதற்கு 30. ஓசூர் ஜெயித்தது. “தம்பி, இன்னொரு தடவை பாத்துடுங்க” என்று ஷீட் திரும்பி வந்தது. இரண்டாவதில் போக்குவரத்து 20-ஆக இளைக்க, ‘தட்பவெப்பம்’ என்றொரு வரிசை பிறந்தது. ஓசூரும் குளுகுளு ஊர்தான் என்பதால் அதுவும் பலிக்கவில்லை. மூன்றாவதில் ‘பிராண்ட் பொருத்தம்’ வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாததால் எதிர்க்கவும் ஆளில்லை. ‘ஃபைனல்_நியூ_3’ என்ற ஃபைலில் கோவை வென்றது.

கண்டறிந்தவை

1. முடிவு கேபினில் பிறக்கிறது. மீட்டிங்கில் அதற்குப் பெயர் சூட்டுகிறார்கள்.

2. அணு உலைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தரும் குழு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும் என்று 1957-இல் பார்க்கின்சன் எழுதினார். இங்கும் கிடங்கு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. திறப்பு விழா பேனரில் யார் படம் பெரிது என்பதற்கு மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

3. இப்படி முடிவெடுப்பதன் விளைவு சிறிதல்ல. டிஜிட்டல் கேமராவை 1975-இலேயே தன் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் செய்து காட்டியும், சோறு போட்ட ஃபிலிமைக் கைவிட கோடாக்குக்கு மனம் வரவில்லை. 2012-இல் திவால் மனு போட்டது.

பரிந்துரை

ஆபீஸ் அரசியலை ஒழிக்க முடியாது, தாமதப்படுத்தலாம். ஊர்ப் பெயர்கள் மேசைக்கு வருமுன் மதிப்பெண் வரிசைகளை எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிப் பூட்டிவிடுங்கள். யார் கையெழுத்துப் போடத் தயங்குகிறாரோ, அவர் மனதில் ஊர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.